மலைக்குளிரில் மீன்பிடிப்போர்க்கு ஏற்ற பூட்ஸ்

எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம் என்பது பழமொழி. சமவெளியில் வாழ்வோர்க்கு அது பொருந்தலாம். ஆனால் மார்கழி, தை மாதங்களில், பொழுது புலரும் வேளையில், மூணாற்று மலையில் தூண்டிற்கோலை ஏந்தி நீர்க்கரையில் நிற்கும் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். பாதமே பிரதானம் என்று தயங்காது கூறுவார். தலைக்குக் கம்பளிக் குல்லாய் உண்டு. உடலுக்குச் சட்டையின் மேல் சட்டை உண்டு. சேற்றிலும் நீரிலும் பனி படிந்த புல்லிலும் மணிக்கணக்கில் ஊன்றி நிற்பது பாதம் ஒன்றே.

நம் இதழைப் படிக்கும் தமிழ்க் குடும்பங்களில் பலவற்றுக்குப் பாலக்காட்டில் வேலையும், மூணாறு, தேவிகுளம், மறையூர்ப் பக்கத்தில் உறவும் உண்டு. விடுமுறை கிடைத்தால் மலையேறுவதும், அங்கே இளைஞரும் முதியவரும் தூண்டிலோடு புறப்படுவதும் நாம் காண்பதே. அவர்கட்குப் பயன்படுமென்று கருதி இக்கட்டுரையை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லேன். காலணி வணிகனும் அல்லேன். ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்ப்பவன். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்தவன். எனினும், நானே செய்த ஒரு தவறு எனக்குக் கற்பித்த பாடத்தைப் பிறர் அவ்வாறே பட்டுத்தான் அறிய வேண்டும் என்பதில்லை.

வெறுங்காலோடு ஏறிய வழி

என் பூட்டனார் போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி வழியாக மலையேறித் தேயிலைத் தோட்டத்திற்கு வந்தவர். அந்நாளில் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குண்டளைப் பள்ளத்தாக்கின் ஊடே ஒரு சிறு இரயில் இருந்தது. 1902ஆம் ஆண்டில் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டியாகத் தொடங்கி, 1908இல் இரண்டடி அகலப் பாதையாக மாறிய அவ்விரயில், 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்தது. தேயிலைப் பெட்டிகள் இரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கின. பெட்டிக்கு வாகனம் இருந்தது. அதனை நிரப்பிய மனிதர்க்குச் செருப்பும் இல்லை. வெறுங்காலோடு ஏறினர், அட்டைக் கடியோடும் பித்த வெடிப்போடும் வாழ்ந்தனர்.

ஆங்கிலேயத் தோட்டத் துரைமார் குளிர்ந்த நீரில் மட்டுமே வாழும் ட்ரவுட் மீனை இம்மலைகளுக்குக் கொண்டுவந்து ஓடைகளில் வளர்த்தனர். நீலகிரியில் 1863ஆம் ஆண்டிலேயே பிரான்சிஸ் டே என்பவர் அம்மீனைக் கொண்டுவர முயன்றார், அம்முயற்சி கைகூடவில்லை. பின்னர் வில்சன் என்பவர் 1907ஆம் ஆண்டில் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பின்னரே அது அங்கே வேரூன்றியது. எங்கள் மலையிலும் துரைமார் நீண்ட பூட்ஸ் அணிந்து ஓடையில் இறங்குவர் என்றும், தாம் மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு பின்னே செல்வது வழக்கம் என்றும் என் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரே ஓடை, ஒரே குளிர். ஆனால் கால்கள் இருவகை.

அப்பூட்ஸின் வரலாறும் அறியத்தக்கதே. வெயிலில் இளகிக் குளிரில் வெடிக்கும் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியும் நெகிழ்வும் பெறும் என்பதை அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அம்முறையைக் காலணிக்குப் பயன்படுத்தும் உரிமையைப் பெற்ற ஹைரம் ஹட்சின்சன் 1853இல் பிரான்சு நாட்டில் தொழிற்சாலை நிறுவ, அந்நாட்டு உழவர் மரக்காலணியை விட்டு ரப்பர் பூட்ஸுக்கு மாறினர். நம் நாட்டில் வணிக நோக்கில் முதல் ரப்பர்த் தோட்டம் 1902ஆம் ஆண்டில், பெரியாற்றங்கரையிலுள்ள தட்டேக்காட்டில் தோன்றியது. மூணாற்றிலிருந்து கோதமங்கலம் இறங்குவோர்க்கு அது தொலைவான இடமன்று. நம் மலையடிவாரத்தில் பால் சுரந்த மரம், நம் முன்னோர் காலுக்குக் காலணியாகி வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று.

நான் செய்த தவறு

இனி என் தவற்றுக்கு வருகிறேன். என் தாய்மாமன் தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். மாமி மறைந்த பின் அவருக்குத் தூண்டிலே துணை. நீரிழிவு நோயும் அவருக்கு உண்டு. ஒருமுறை தை மாதத்தில் சென்றிருந்தபோது, சாதாரண ரப்பர்ச் செருப்போடு சேற்றில் நின்று அவர் நடுங்குவதைக் கண்டேன். மனம் பொறுக்கவில்லை. அடுத்த தீபாவளிக்குப் பாலக்காட்டில் ஒரு கடையில் முழங்கால் உயர பூட்ஸ் ஒன்று வாங்கினேன். விரல் பக்கம் இரும்புக் கவசம் வைத்தது, பார்வைக்கு உறுதியானது. அவர் செருப்பின் எண் எட்டு என்பது எனக்குத் தெரியும். ஆகவே எட்டாம் எண்ணையே வாங்கி, ஊருக்குச் செல்லும் நண்பர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். கடைக்காரர் மீது குறையில்லை; நான் கேட்டதை அவர் கொடுத்தார். கேட்கத் தெரியாதவன் நானே.

மாமா அதனை அணிந்து தினமும் சென்றார். தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம், "பிரமாதம் மாப்பிள்ளை" என்றார். குளிர் மிகுந்தபோது பருத்திக் காலுறையை இரட்டையாக அணிந்தார். விரல்கள் மரத்துப் போயின. குளிரால் என்று எண்ணிக்கொண்டார். ஒருநாள் காலுறையில் இரத்தக் கறையைக் கண்டார். சுண்டுவிரலில் கொப்புளம் உடைந்திருந்தது, வலியே தெரியவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் அதே பூட்ஸோடு மீன்பிடிக்கச் சென்றார். பத்து நாள் கழித்து எனக்குச் செய்தி வந்தது. உடுமலைப்பேட்டை வழியாக விரைந்து சென்று, அவரைக் கோயம்புத்தூருக்கு அழைத்து வந்தோம். காலைக் காப்பாற்றினர், சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று.

"ஏன் மாமா முன்னமே சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"நீ ஆசையா வாங்கி அனுப்பினது. கடிக்குதுன்னு எப்படிச் சொல்றது மாப்பிள்ளை?" என்றார்.

அவ்விடையை நான் மறக்கப் போவதில்லை. நம் குடும்பங்களில் அன்பு மிகுதி. அவ்வன்பே வாயைக் கட்டிவிடுவதும் உண்டு.

குளிர் பாதத்தைப் பற்றும் வகை

பூட்ஸ் தடிப்பாயிருந்தால் வெப்பம் தரும் என்று நான் எண்ணியிருந்தேன். அது பிழை. பூட்ஸ் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உடல் தரும் வெப்பத்தை ஓடவிடாமல் காப்பதே அதன் தொழில். அவ்வாறு காப்பது காலுறையின் இழைகளுக்கிடையே அசையாது நிற்கும் காற்று. அக்காற்றின் இடத்தில் நீர் புகுந்தால், நீர் காற்றைவிடச் சுமார் 24 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்திவிடுகிறது. ஈரமான கால் எளிதில் விறைப்பது இதனால்தான்.

அந்நீர் வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. ரப்பர் வெளிநீரை உள்ளே விடாதது போலவே, உள்ளே சுரக்கும் வியர்வையையும் வெளியே விடாது. அணைக்கரைக்கு ஒரு மைல் விரைந்து நடந்து சென்றால் காலுறை வியர்வையால் நனைந்துவிடும். பின்னர் அசையாது நிற்கையில் அதுவே குளிரைத் தரும்.

இறுக்கம் இதனினும் கொடியது. இறுகிய பூட்ஸ் காலுறையை நசுக்கி, அதிலுள்ள காற்றைப் பிதுக்கிவிடுகிறது. விரல்களுக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தையும் தடுக்கிறது. இரண்டாவது காலுறை அணிந்தால் குளிர் தணியும் என்று எண்ணுகிறோம். இடமில்லாத பூட்ஸில் அது குளிரைக் கூட்டவே செய்யும்.

முதல் உலகப் போரில், 1914ஆம் ஆண்டுக் குளிர்காலந்தொட்டு, பதுங்குகுழிகளில் ஈரத்தில் நின்ற வீரர் ஆயிரக்கணக்கானோர்க்குப் பாதம் வீங்கி, மரத்து, அழுகியது. பனிக்கட்டி உறையும் குளிர் அதற்கு வேண்டியதில்லை; ஈரமும் இறுக்கமும் நெடுநேர நிலையும் போதும் என்று படை மருத்துவர் கண்டனர். உலர்ந்த காலுறை மாற்றுதல், இறுக்கத்தைத் தளர்த்துதல், பாதத்தை நாள்தோறும் சோதித்தல் ஆகியவற்றை வழக்கமாக்கினர். ஸ்காட்லாந்தில் 1856ஆம் ஆண்டில் தோன்றிய நார்த் பிரிட்டிஷ் ரப்பர் நிறுவனம் அப்போரின்போது படைக்காகப் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட இணை பூட்ஸ் செய்து கொடுத்தது. எனினும் பூட்ஸ் மட்டும் பாதத்தைக் காக்கவில்லை. அதனை அணியும் முறையும் வேண்டியிருந்தது.

நம் மலையிலும் சில தோட்டங்களில் வெப்பநிலை பூஜ்யத்திற்கும் கீழே இறங்கிப் புல்மீது உறைபனி படிவதுண்டு. அவ்வாறு உறையாத நாள்களிலும் ஈரமும் இறுக்கமும் சேர்ந்தால் கால் கெடும் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

வாங்கும்போது காண வேண்டுவன

முதலாவது, அளவு. செருப்பின் எண்ணை நம்ப வேண்டாம். குளிரில் அணியப்போகும் காலுறையை அணிந்துகொண்டே பூட்ஸை அணிந்து பார்க்க வேண்டும். நிற்கும்போது நீண்ட விரலுக்கு முன்னே கட்டைவிரல் அகலம் இடம் இருத்தல் நலம். உள்ளே விரல்களைத் தாராளமாக மடக்கி நிமிர்த்த முடிய வேண்டும். நடக்கையில் குதிகால் சிறிதே எழும்பலாம். கழன்று வருமளவு எழும்பலாகாது. மாலையில் பாதம் சற்றுப் பருத்திருக்கும். ஆதலின் மாலையில் வாங்குவதே முறை. இரு பாதமும் ஒரே அளவாக இல்லாவிடின் பெரிய பாதத்திற்கு ஏற்ப வாங்குக.

தொலைவிலுள்ள உறவினர்க்கு வாங்கி அனுப்புவோர் ஒன்று செய்யலாம். அவரைக் காலுறையோடு காகிதத்தின்மீது நிற்கச் சொல்லி, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடிட்டு அனுப்பச் செய்யுங்கள். இருபாதங்களுக்கும் தனித்தனியே வேண்டும். அக்கோட்டை வெட்டியெடுத்துப் பூட்ஸினுள் இட்டுப் பார்த்தால், எங்கே மடங்குகிறது என்பது தெரிந்துவிடும். இதற்குச் செலவு ஒரு தாள். அச்செலவை நான் செய்யாததால் என் மாமா ஒரு விரலைக் கொடுத்தார்.

இரண்டாவது, செய்பொருள். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பூட்ஸுகளில் பல பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. நீரைத் தடுப்பதில் குறையில்லை. ஆனால் குளிரில் அவை விறைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் பாலக்காட்டு வயல் வரப்பிற்கு அவை போதும். மலைக்குளிருக்கு இயற்கை ரப்பர் மேலானது, குளிரிலும் நெகிழ்வாயிருக்கும். நியோப்ரீன் என்னும் நுரை ரப்பரை உள்ளே வைத்துச் செய்தவை இன்னும் கதகதப்பானவை. அதனுள் அடைபட்டுள்ள நுண்குமிழிகளே வெப்பத்தைக் காக்கின்றன. நெடுந்தூரம் நடப்போர்க்கு அது வியர்வையை மிகுவிக்கும். ஓரிடத்தில் அமர்ந்து தூண்டிலிடுவோர்க்கே ஏற்றது. விரல் பக்கம் இரும்புக் கவசம் வைத்தவை தொழிற்சாலைக்கு உரியவை. இரும்பு வெப்பத்தை எளிதில் கடத்தும். விரலுக்கு இடத்தையும் குறைக்கும். மீன்பிடிக்க அது வேண்டா.

மூன்றாவது, அடிப்பகுதி. ஆழமான வெட்டுகள் உள்ள அடி, சேற்றிலும் புல்சரிவிலும் நன்கு பிடிக்கும். ஆனால் பாசி படர்ந்த ஓடைக்கற்களில் எந்த ரப்பரும் வழுக்கவே செய்யும். பூட்ஸ் உண்டு என்ற துணிவில் அங்கே கால் வைக்க வேண்டா. அடி தடிப்பாயிருந்தால் தரைக்குளிர் மேலேறாது. உள்ளே பாதத்தின்கீழ்க் கம்பளி மெத்தை ஒன்று இட்டால் இன்னும் நலம். ஆனால் அதற்கும் அளவில் இடம் விட்டே வாங்க வேண்டும்.

நான்காவது, உயரம். கரையில் நின்று மீன்பிடிப்போர்க்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும் உயரம் போதும். பூட்ஸின் உயரமே நீங்கள் இறங்கத்தக்க ஆழம் என்று எண்ணாதீர்கள். நீர் மேலே வழிந்து உள்ளே புகுந்துவிட்டால் கால் கனத்துக் கரையேறுவது அரிதாகும். உடனே வெளியேறி, கழற்றிக் கவிழ்த்து, காலுறையை மாற்ற வேண்டும்.

ஐந்தாவது, காலுறை. பூட்ஸுக்குச் செலவிடுவதில் சிறு பங்கையேனும் இதற்கு ஒதுக்குங்கள். பருத்தி நனைந்தால் நனைந்ததே. உடலோடு ஒட்டிக் குளிரைத் தரும். கம்பளி சிறிது ஈரத்தை உறிஞ்சிய பின்னும் கதகதப்பை முற்றிலும் இழப்பதில்லை. நல்ல கம்பளிக் காலுறை ஒன்று, இரட்டைப் பருத்திக் காலுறையினும் சிறந்தது. மாற்றுக் காலுறை ஒன்றைப் பிளாஸ்டிக் உறையிலிட்டுப் பையில் எடுத்துச் செல்வது நன்று. மீன்பிடிக்கும் இடத்தை அடைந்ததும் நடைவியர்வை பட்ட காலுறையைக் கழற்றி, அதனை அணிந்துகொண்டால் பாதிக் குளிர் பறந்துவிடும்.

பேணும் முறை

நனைந்த பூட்ஸை அடுப்பருகே வைத்து உலர்த்துவது நம் லயங்களில் காணும் வழக்கம். ரப்பர் சூட்டில் வெடிக்கும், ஒட்டுப் பிரியும். உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கி இட்டு, ஈரமானவுடன் மாற்றிக்கொண்டே வந்தால் நிழலிலேயே உலர்ந்துவிடும். வெயிலில் நாள் முழுதும் போடுவதும் ரப்பருக்குக் கேடு. மடித்து வையாமல் நிமிர்த்தி வைக்க வேண்டும். அணியுமுன் கவிழ்த்துத் தட்டுவது கட்டாயம்; தேளும் அட்டையும் இருட்டான இடத்தை விரும்பும். ஓட்டை உண்டா என்பதை அறிய, உலர்ந்த தாளை உள்ளே இட்டு, நீர் நிறைந்த வாளியில் சிறிது நேரம் நிறுத்திப் பாருங்கள். தாள் நனைந்த இடமே ஓட்டை.

நோயாளிகள் கவனிக்க

நீரிழிவு நோய் உள்ளவர்க்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். கடிப்பதை அவர் கால் அவருக்குச் சொல்லாது. ஆதலின் பூட்ஸைக் கழற்றியவுடன் ஒவ்வொரு நாளும் பாதத்தையும் விரலிடுக்குகளையும் கண்ணால் பார்க்க வேண்டும். குனிய இயலாதவர்க்கு வீட்டிலுள்ளோர் பார்த்துச் சொல்ல வேண்டும். மரத்த காலை நெருப்பில் காட்டுவதும் கொதிநீரில் வைப்பதும் கூடவே கூடாது. சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். உலர்த்தி, கம்பளியால் போர்த்தினால் போதும். சிறு கொப்புளமாயினும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

காலில் புண்ணுள்ளவர் எவராயினும் தேங்கிய நீரில் இறங்கலாகாது. எலியின் சிறுநீர் கலந்த நீர் வழியாக எலிக்காய்ச்சல் புண்ணினூடே உடலில் புகும். 2018ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்குப் பின் கேரளத்தில் அந்நோய் பரவியதும், அதனைத் தடுக்க மாத்திரை வழங்கியதும் நாம் கண்டவையே. ஓட்டையில்லாத பூட்ஸ் குளிருக்கு மட்டுமன்றி இதற்கும் காப்பாகும்.

இடமறிந்து செல்க

மலம்புழை அணை நம் பாலக்காட்டார்க்கு அண்மையிலுள்ளது. 1955ஆம் ஆண்டில் அன்றைய சென்னை முதலமைச்சர் காமராசர் திறந்து வைத்தது அது. அங்கே குளிர்காலத்திலும் கம்பளிக் காலுறை வேண்டியதில்லை. முள்ளும் கண்ணாடிச் சில்லும் குத்தாத அடியே அங்கு வேண்டுவது. மாட்டுப்பட்டி, குண்டளை, ஆனையிறங்கல் ஆகிய மலையணைகளின் குளிரோ வேறு. அவற்றில் எங்கே, எப்போது மீன்பிடிக்க இசைவு உண்டு என்பதை உரிய அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே செல்ல வேண்டும். 1978ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்காவாக உள்ள இரவிகுளத்தில் அனுமதியின்றி நுழைவதே குற்றம். ஆனையிறங்கல் பக்கம் யானை இறங்குவது பெயரளவில் மட்டுமன்று. பனிமூட்டத்தில் தனியே செல்ல வேண்டா.

முடிவாக ஒன்று. மீன்பிடிப்பவர் விரும்பிக் குளிரில் நிற்கிறார். மூன்று மணி நேரத்தில் வீடு திரும்பிவிடுவார். அதே மலையில், அதே பனியில், கொழுந்தெடுக்கும் நம் தாய்மாரும் தமக்கையரும் நாள் முழுதும் ஈரச் செடிகளினூடே நிற்கின்றனர். வீட்டு ஆடவர்க்கு ஒரு பூட்ஸ் வாங்கும்போது, அவர்கள் காலையும் காகிதத்தில் வரைந்து கேளுங்கள். மேலே கூறிய விதிகள் அவர்கட்கே முதற்கண் உரியவை.

இவ்வாண்டு நான் மாமாவைக் கடைக்கு நேரே அழைத்துச் சென்றேன். கம்பளிக் காலுறையோடு ஒன்பதாம் எண்ணை அணிந்து நாலடி நடந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சற்றுத் தயங்கி, "மாப்பிள்ளை, இது இடது பக்கம் கொஞ்சம் கடிக்குது" என்றார்.

அன்று முழுதும் எனக்கு மகிழ்ச்சி. பத்தாம் எண்ணை வாங்கிக்கொண்டு திரும்பினோம்.